ஒரே சாக்கில் இரண்டு பாம்பு

சிதம்பரம்

அன்புள்ள மச்சான் அருள்முருகனுக்கு மாமா பொன்னுரங்கம் எழுதுவது. இங்கு நானும், உன் அக்கா கொளஞ்சியும், கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகிப் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கயல்விழியும் நலம். கடலூரில் நீயும், முக்கியமாக உன் சாக்கில் போனவர்களும் நலமா என்று அறிய ஆவல். போனிலேயே கேட்டிருப்பேன். அக்கா காதில் விழுந்தால் இன்னும் பயந்துவிடுவாள் என்றுதான் கடிதம்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பாம்பை அடிக்கக்கூடாது என்றுதான், விறகுக்குள் புகுந்த நல்ல பாம்பை உயிரோடு பிடித்துப்போக உன்னைக் கூப்பிட்டோம். வந்தாய், பிடித்தாய், எல்லாம் சரி. ஆனால் கம்மாபுரத்தில் பிடித்த கண்ணாடி விரியன் கிடந்த சாக்கிலேயே இதையும் போட்டு, "ரெண்டும் பாம்புதான மாமா, ஒண்ணும் பண்ணிக்காது" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டாய். அன்று முதல் உன் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். அவளுக்காகத்தான் எதிர்வீட்டு விலங்கியல் வாத்தியார் அந்தோணிசாமியிடம் போய், பாம்பு விஷம் பாம்பைக் கொல்லுமா என்று கேட்டேன். தன் விஷத்தை இரையோடு விழுங்கினால் செரித்துவிடுமாம்; தன் இனத்துப் பாம்பே கடித்தாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளுமாம். நிம்மதியாக எழுந்தேன். வாசல் வரை வந்தவர், "வேற வகைப் பாம்பு கடிச்சா சொல்ல முடியாதுங்க, செத்தாலும் சாவும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல பாம்பு செத்திருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? பிடித்த உன்னையா, பிடிக்கச் சொன்ன என்னையா? என்னையே சேரட்டும், எனக்கு அறுபத்தாறு வயது ஆகிவிட்டது. அந்தச் சிசுவுக்குப் போய்விடக்கூடாது என்று உன் அக்கா கிடந்து தவிக்கிறாள். சாக்கை அவிழ்த்தபோது இரண்டும் உயிரோடு இருந்தனவா, தானாக ஊர்ந்து போயினவா என்று மறைக்காமல் எழுது.

உன் மனைவி சுவேதாவுக்கும் பிள்ளைகளுக்கும் தில்லைக்கூத்தன் துணையிருக்கட்டும். இனிமேல் வெளியே கிளம்பும்போது இரண்டு சாக்கு எடுத்துக்கொள்.

மாமா
பொன்னுரங்கம்

பி.கு: தம்பி, இது அக்கா எழுதறது. கவர் ஒட்ட சோத்துப் பருக்கை என்கிட்டதான் கேட்டாரு, அதனால படிச்சிட்டேன். நான் மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிடறேன். எட்டு நாளா தட்டுல கைய வச்சிட்டு எழுந்து போறவரு உங்க மாமாதான். புள்ள அசையுதான்னு கயல்கிட்ட கேக்க வெக்கப்பட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி என்னைக் கேக்கறாரு. ரெண்டு பாம்பும் நல்லா இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போடு. செத்துப்போயிருந்தாலும் நல்லா இருக்குன்னே எழுது.