விமானம் பறந்த மறு முகூர்த்தம்

போடிநாயக்கனூர்
ஆடி கடைசி, 1981

அன்புள்ள சோலைமலை அண்ணனுக்கு,

இல்லை, அப்பா கோபமாக இல்லை. களைத்துப்போயிருக்கிறார். எல்லோருமே. மற்றபடி அம்மாவின் முழங்கால் சுகம், எருமை சுகம். பெங்களூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்கப் பரமசிவன் மலைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. விமானம் இன்னும் தயாராகவில்லை. அதனால் உனக்கு லீவு இல்லை. அதனால் எனக்குக் கல்யாணம் இல்லை. அண்ணன் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வராமல் நம் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் தாலி ஏறியதில்லை. ஆக, விமானப்படைப் பையன்கள் பறக்கப் பழகுவதற்காக இந்தத் தேசம் சொந்தமாகச் செய்யும் விமானம் சோதனையெல்லாம் முடிந்து எழும்பினால்தான் நான் உட்கார முடியும். சிலமலைச் சம்பந்தி வீட்டில் அப்பா அப்படியே வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சம்பந்தி மொக்கச்சாமி மாமா நேற்றும் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மச்சான், பிளேனு எந்திரிச்சிருச்சா?"

"வாலை மாத்துறாங்களாம் மச்சான்."

"போன தையிலயும் வாலுதானே மாத்துனாக?"

"அது பழைய வாலு. இது புது வாலு."

"கன்னுக்குட்டி பொறக்கும்போதே ஒரு வாலோட பொறந்துருதுய்யா."

அப்பாவுக்கு அவமானம். உன்னை விட்டுக்கொடுக்க முடியாமல், வாலெல்லாம் சரியாகிவிட்டது, எடைதான் கொஞ்சம் கூடிவிட்டது என்று உளறிவிட்டார். எடை என்றதும் இரண்டு பேருக்கும் முகம் தெளிந்தது. அது தெரிந்த சோலி. வாழ்நாள் முழுக்க ஏலக்காயை ஸ்டோரின் உலர்த்தும் தட்டுகளில் அடுக்கி, சூடு போட்டு வாட்டி, எடை இறக்கியவர்கள். "ஒரு ராத்திரி வாட்டி எடுக்கச் சொல்லு. காலையில அள்ளுனா கை கனக்காது" என்றார் மாமா. அது தகடு மாமா, காய் இல்லை என்றேன். "எதுவா இருந்தா என்னத்தா, ஈரம் இல்லாம எடை எங்கருந்து வரும்?" என்றார் அப்பா. எம்.ஏ. படித்த நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உன் பெரிய ஆபீசரிடம் இதைச் சொல்லியே தீர வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. சொல்லிவிட்டேன்.

இதற்குள் ஜீப்பு ஒச்சப்பண்ணன் வந்து சேர்ந்தது. மலைத் தோட்டத்துக்குப் போகும் லோடுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் நம் வீட்டில்தான் காப்பி. பிளேனில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டது. இரண்டு பேர் என்றேன். "ரெண்டு பேருக்கா இம்புட்டு வருசம்? என் வண்டியில பானட்டு மேலேயே மூணு பேரு வர்றான்." விமானத்தைத் திருப்ப வாத்தியாருக்கு ஒரு பிடி, பழகுகிறவனுக்கு ஒரு பிடி, இரண்டு பேர் கையிலும் இருக்கும் என்று விளக்கினேன். ஒச்சப்பண்ணன் காப்பியைக் கீழே வைத்தது.

"அப்ப எவன்தான் ஓட்டுறான்?"

பேச்சை மாற்ற நான் செய்த தப்பு, இப்போது நடக்கும் சோதனையைச் சொன்னது. மேலே கொண்டுபோய் வேண்டுமென்றே சுழன்று விழவிடுவார்கள், அது தானாக நிமிர்கிறதா என்று பார்ப்பார்கள் என்றேன். அடுப்படியில் எதுவோ உருண்டது. "கண்ணு தெரிஞ்சே விழ விடுறானுகளா? எம்புள்ள அதுல ஏற வேணாம்னு எழுதுடி!" அம்மா. நீ மேசையில் கோடு போடுகிறவன், ஏறுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. சுருளி அருவிக்குப் போய் முழுக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். விமானத்துக்காக.

கடைசியில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஐப்பசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் ராசிங்காபுரத்துலயும் பொண்ணு இருக்கு." போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா சாப்பிடவில்லை. ஆகவே, அண்ணா, எப்படியாவது வெரசா முடிக்கச் சொல். வால் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறார் அப்பா.

அப்பாவின் ஆசீர்வாதம். அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். ஒச்சப்பண்ணன், வேலை போனால் ஜீப்புக்கு வா என்கிறது.

இப்படிக்கு உன் தங்கை,
சந்திரவல்லி

பி.கு. மேலே உள்ளதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், சில வரிகளை விட்டு. இது அவருக்குத் தெரியாது. மதுரையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை நல்லவர்தான். அதில் குறை இல்லை. ஆனால் ஒச்சப்பண்ணன் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. இந்த வீட்டில் என் கையிலும் ஒரு பிடி இருக்கிறது. இழுத்துப் பார்க்கிறேன். திரும்புவது என்னவோ அப்பா பக்கம்தான். ஒரு நாள் வாத்தியார் இறங்கிக்கொள்வார், பையன் தனியாக ஏறுவான் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். அவசரப்படாதே அண்ணா. நன்றாகச் சுழன்று விழட்டும். நன்றாக நிமிரட்டும். ஐப்பசி போகட்டும். வாலை இன்னொரு முறை மாற்ற முடியுமா என்று கேள்.

இதை ரயிலடியில் நின்று எழுதுகிறேன். மதுரைக்குச் சம்மதம் என்று எழுதிய கார்டை இப்போதுதான் பெட்டியில் போட்டேன்.