சிறுகுளம்பி எடுத்த விருப்பப் பாடம்

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. காட்டில் எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், அங்கேதான் அனுமதி கிடைத்தது. அதன் துணைவேந்தர் ஒரு புலி.

அந்தக் காட்டில் குளமும் ஒன்றுதான். முதலில் புலி குடிக்கும், பிறகு சிறுத்தை, கரடி, பன்றிகள். பன்றிகள் குடிப்பதோடு நிற்காமல் புரண்டுவிட்டும் போகும். கடைசியில் மான்கள் சேற்றை உறிஞ்சும். போன கோடையில் சிறுகுளம்பி என்ற மானின் தங்கை அந்தச் சேற்றைக் குடித்து, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்து செத்துப்போனாள். குளத்து வரிசையை மாற்ற வனநீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் வாதாடச் சட்டம் படித்திருக்க வேண்டும். சட்டத்தில் சேர, பல்கலைக்கழகத்தின் அடிப்படை ஆண்டில் அரசியல் பாடம் எடுத்திருக்க வேண்டும். சிறுகுளம்பி தங்கையை நினைத்துக்கொண்டு விண்ணப்பம் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து மந்தையில் இன்னும் நாற்பது மான்கள் போட்டன.

அடிப்படை ஆண்டில் சமூக அறிவியல் பாடங்கள் நான்கு. ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு விருப்பப் பாடம் என்று பெயர். யாருடைய விருப்பம் என்று கையேட்டில் போடவில்லை.

பதிவு நாளன்று மான்கள் முதல் ஜன்னலில் வரிசை கட்டின. அது அரசியலுக்கான ஜன்னல். உள்ளே ஆலோசகர் தேவாங்கு அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வரிசையில் முதலில் நின்றது கொம்பரசன், மந்தையின் தலைவன். தேவாங்கு அதன் படிவத்தை வாங்கி, மெதுவாகக் கையை ஓங்கி, ரப்பர் ஸ்டாம்பை 'டம்' என்று குத்தியது.

சத்தத்தில் மிரண்ட கொம்பரசன் ஒரே பாய்ச்சலில் இரண்டாம் ஜன்னலில் போய் விழுந்தது. முன்னால் போகிற மான் ஓடினால் பின்னால் நிற்கிற மான் காரணம் கேட்காது. மொத்த மந்தையும் அங்கே போய் முட்டியது. அது சமூகவியல் ஜன்னல். அங்கிருந்த கரடி ஒன்றும் பேசாமல் நாற்பது பேரையும் பதிந்துகொண்டது.

சிறுகுளம்பியின் கால்களும் இரண்டடி ஓடிவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, படிவத்தை நீட்டினாள்.

"அரசியல் சார்."

"நீ ஒருத்திதான் இருக்கே. அஞ்சு பேராவது இருந்தாத்தான் பாடம் நடக்கும். அதனால உன் படிவத்தை ரத்து பண்ணிட்டேன். நாலு மணிக்குள்ள ஆள் கூட்டிட்டு வா, கண்ணு."

அவள் மந்தையிடம் ஓடினாள்.

"நாலே நாலு பேர் வாங்க. நம்ம குளத்துக்காகத்தான் கேக்கறேன்."

"எல்லாரும் போனா நாங்களும் வரோம்" என்றன மான்கள்.

"எல்லாரும்னா யாரு?"

"எங்களைத் தவிர மத்தவங்க."

மணி மூன்றே முக்கால். சிறுகுளம்பிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியே ஸ்டாம்பைக் கவ்வி எடுத்து வந்து, மந்தைக்குப் பின்னால் நின்று, ஒரு தகரப்பெட்டியின் மேல் ஓங்கிக் குத்தினாள். டம்! நாற்பது மான்களும் அலறியடித்துக்கொண்டு முதல் ஜன்னலில் போய் மோதின. தேவாங்கு வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக எழுதியது.

விரட்டி வந்தவள் வரிசையில் கடைசியாக நின்றாள்.

"நாற்பது இடம். முடிஞ்சுபோச்சு" என்றது தேவாங்கு.

"சார், இவங்களைக் கொண்டுவந்ததே நான்தானே!"

"அதனாலதான் கடைசியில நிக்கிறே."

அந்த நாற்பதில் ஒன்றாவது சட்டம் படித்து வழக்குப் போட்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா? பாவம், உங்களுக்கு மான்களைத் தெரியாது. தேர்வில் கொம்பரசன் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போனது. நாற்பது விடைத்தாளிலும் 'கொம்பரசன்' என்று மட்டும் இருந்தது. எல்லாம் பெயில்.

ஆனால் பதிவு நாளில் நடந்ததை மாடியிலிருந்து புலி பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே சிறுகுளம்பியைக் கூப்பிட்டு அனுப்பியது.

"நாற்பது பேரை ஒரே தட்டுல திருப்பினது நீதானேம்மா?"

"ஆமாங்கய்யா. மன்னிச்சிருங்க. எனக்கு ஒரு இடம் மட்டும்..."

"உனக்கு எதுக்கும்மா அரசியல் பாடம்? நான் இருபது வருஷமா உறுமி உறுமித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கேன். நீ வேலைக்கு வந்துடு. குளத்து ஒழுங்கு அலுவலர். எனக்கு அடுத்தபடியா நீ தண்ணி குடிச்சுக்கலாம்."

அவள் வெளியே வந்தாள். தங்கை முகம் கண்ணிலேயே நின்றது. இரண்டு நாள் குளத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் தாகம் தாங்கவில்லை, போனாள். புலி குடித்து முடித்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

அடி மணல் தெரிகிற தண்ணீரை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. இதில் ஒரு வாய் கிடைத்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அழுதுகொண்டே வயிறு முட்டக் குடித்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, பன்றிகளுக்கும் பின்னால், மந்தையோடு அவள் அம்மா நாக்கு வறண்டு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க முறை எப்போடி வரும்?" என்று அம்மா கேட்டாள்.

சிறுகுளம்பி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வரும்மா. தள்ளாம வரிசையில நில்லுங்க."

நீதி: சொந்தக்காரர்களுக்காகப் போராடப் படிக்க இடம் கிடைக்கவில்லையா? மனம் தளராதீர்கள். அவர்களை விரட்டத் தெரிந்தால் போதும், படிக்காமலே வேலை கிடைக்கும்.