குறட்டைக் கணக்கு

"லைக் போட்டவன் ஒருத்தனாவது மெத்தை வாங்கினானா? மொதல்ல அதைச் சொல்லு."

மெத்தைக்கடை முதலாளி கேட்டது நியாயமான கேள்விதான். கேட்ட தோரணைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடையின் சமூக ஊடகப் பக்கத்தை நடத்துகிறவள் அவள். முதுகுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், சும்மா வம்பு வளர்க்கிறவர்கள் என்று எல்லாருக்கும் முகம் சுளிக்காமல் பதில் போடுவதால் கடையில் அவளுக்குப் பெயரே 'பதில் மேடம்'.

"அவங்க நம்மள நம்புறாங்க சார். நம்பினவங்கதான் கடை ஏறி வருவாங்க."

"நம்பிக்கைய எந்தத் தராசுல நிறுக்கறது? சாயங்காலத்துக்குள்ள என் கண்ணுல காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து கிடங்குல போய் மெத்தைக்கு உறை மாட்டு."

அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவள் அவள். அப்பா முதுகு வளைந்து மூட்டை தூக்கியது, மகள் உறை மாட்டுவதற்காக அல்ல. சுருக்கென்று கோபம் வந்தது.

"காட்றேன் சார். நீங்க கல்லாவுல உக்காந்து எண்ணிட்டே இருங்க, போதும்."

உடனே பக்கத்தில் அறிவித்தாள்: 'நம் பக்கம் பார்த்து வருகிறவர்கள் கல்லா முன் நின்று ஒரு குறட்டை விட்டுக் காட்டினால், தலையணை உறை இலவசம்!' யார் எதைப் பார்த்து வந்தார்கள் என்பதை இனி முதலாளியின் காதே சொல்லிவிடும்.

முதலில் வந்த கண்ணாடிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு கொசு மாதிரி ஒன்று விட்டார். அடுத்து வந்த தம்பதி சேர்ந்தே விட்டார்கள். மதியத்துக்குள் கடை, ராத்திரி ரயில்பெட்டி ஆகிவிட்டது.

"பாத்தீங்களா சார்?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் கூரியர்காரர் பார்சலைக் கீழே வைத்தார், ஒரு குறட்டை விட்டார், கையை நீட்டினார்.

"உனக்கு யாருப்பா சொன்னது?" என்றார் முதலாளி.

"வாசல்ல நிக்கற சேல்ஸ்மேன் அண்ணன்தான் சார். உள்ள வர்ற எல்லாருக்கும் சொல்றாரே!"

சேல்ஸ்மேன் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு நாலு குறட்டை கூடட்டுமேன்னுதான் மேடம்..."

"அண்ணே, கழுத்த அறுத்துட்டு மாலை வேற போடறீங்களா?"

சளைக்கவில்லை அவள். விதியை மாற்றினாள். குறட்டை போதாது, அவள் எழுதிய பதிலைப் போனில் காட்டினால்தான் உறை.

அவ்வளவுதான். வந்தவர்கள் ஆளுக்கொரு மெத்தையில் சாய்ந்துகொண்டு கேள்வி தட்ட ஆரம்பித்தார்கள். 'இந்த மெத்தை மிருதுவாக இருக்குமா?' என்று கேட்டவர் அதன்மேல்தான் படுத்திருந்தார்.

"சார், நான் இங்கதானே நிக்கிறேன், நேர்லயே கேளுங்களேன்!"

"நேர்ல கேட்டா உறை கிடைக்குமாம்மா?"

அவள் கட்டைவிரல் மரத்துப்போனது. கல்லா ஈ ஓட்டியது. முதலாளி எழுந்தே விட்டார்.

"போதும் உன் தராசு! இத்தனை நாளா எழுதித் தள்ளினியே, உன் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு ஜீவன் வீட்டுல ஒரு துரும்பையாவது நகர்த்தியிருக்கா? ஒரு ஆளைக் காட்டு. காட்டிட்டா நீ உன் நாற்காலியிலயே இரு. இல்லேன்னா இப்பவே கிடங்குக்கு நட!"

பதில் மேடம் போனில் பழைய பதில்களை வேகமாகப் புரட்டினாள். கிடங்குப் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

அப்போது முதலாளி வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியோடு அவர் மனைவி உள்ளே வந்தார். கண்ணாடியைக் கணவர் கையில் திணித்துவிட்டு, போனை அவளிடம் நீட்டினார்.

"அந்தப் பதில் மேடம் நீதானா? எனக்கும் ஒரு உறை குடும்மா."

"உனக்கு எதுக்குடி?" என்று பாய்ந்தார் முதலாளி.

"ஏன், எனக்கும்தான் பதில் போட்டிருக்கா. 'குறட்டை விடறவரைத் தயங்காம ஹாலுக்கு அனுப்புங்க'ன்னு இவ எழுதினதாலதானே, போன மாசத்துலேர்ந்து நீங்க சோபாவுல படுக்கறீங்க!"