யாரும் கொத்திக்கொண்டு போகாத மாப்பிள்ளை

நிதிப் பொருளாதாரப் பேராசிரியர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. மயிலாப்பூரில் வேட்டியோடும் வகுப்பறையில் பேன்ட்டோடும் தென்படும். பங்குச் சந்தையைப் பற்றி அதற்கு எல்லாம் தெரியும். எந்தப் பங்கை வாங்குவது என்பது மட்டும் தெரியாது. தெரியாது என்பதையே வருஷக்கணக்கில் ஆராய்ந்து, டாக்டர் பட்டம் வாங்கி, அதை வாசலில் பலகையாகவும் மாட்டியிருக்கும்.

பத்ரிநாராயணன் இந்த இனத்தில் அசல் உருப்படி. நாளைக்கு எந்தப் பங்கு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது அவருடைய ஆராய்ச்சியின் முடிவு. "ஜோசியர் தப்பாச் சொல்லிக் காசு வாங்கறார். நான் சொல்லவே முடியாதுன்னு சொல்லிச் சம்பளம் வாங்கறேன்" என்று மேடையில் சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவரே சிரிப்பார். ஊரே பங்கு வாங்கப் பைத்தியமாக அலைந்த தொண்ணூற்றிரண்டாம் வருஷத் தொடக்கத்தில், தி. நகர் ஜவுளிக்கடைச் சண்முகவேல் அவரை மடக்கினார்.

"எதை வாங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சார்."

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"பெரிய அழுத்தக்காரரா இருக்கீங்களே!" என்று சண்முகவேல் மரியாதை கூடிப்போய், இரண்டு வேட்டிக்குத் தள்ளுபடியும் கொடுத்தார்.

இதெல்லாம் வகுப்பறையோடு நின்றால் பரவாயில்லை. நிற்குமா? நல்ல சரக்கு சந்தையில் சும்மா கிடக்காது, கிடந்தால் அதில் ஏதோ கோளாறு என்ற சித்தாந்தம் அவரோடு மாட வீதிக்கும் நடந்து வரும். பிஞ்சுக் கத்திரிக்காய்க் கூடையருகே ஆளில்லை என்றால் சந்தேகப்பட்டுத் தாண்டிப் போய், நாலு பேர் முண்டியடிக்கும் இடத்தில் தானும் முண்டியடித்து, முற்றலாகப் பார்த்து அள்ளி வந்து, மனைவி ஜலஜாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இப்பேர்ப்பட்டவரின் மகள் மாளவிகாவுக்கு, அபிராமபுரத்திலிருந்து பரத்வாஜ் என்ற பையனின் ஜாதகம் வந்தது. பொருந்தியது. பையன் வந்தான், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டான், மாளவிகாவோடு பேசிச் சிரித்தான். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. பேராசிரியருக்குத்தான் தூக்கம் போயிற்று.

"இன்ஜினியர். சொந்த வீடு. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இவ்வளவு நல்லவனை ஏன் இன்னும் எவனும் கொத்திண்டு போகலை?"

"நமக்காகக் காத்திண்டிருந்தான்னு வெச்சுக்கோங்கோளேன்" என்றாள் ஜலஜா.

"சந்தையிலே அப்படியெல்லாம் நடக்காது."

விசாரித்தார். பையனின் ஆபீசில், பக்கத்து வீட்டில், பால் பூத்தில் என்று ஓரிடம் விடாமல் விசாரித்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே பெரிய குறையாகப் பட்டது. பதில் சொல்லாமலே வாரங்கள் ஓடின. பையனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. அவன் கிளம்பிவிட்டால் சம்பந்தம் அதோடு சரி. மாளவிகா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒரு நாள் காலை, இட்லி பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்: "அடையாறிலேர்ந்து ஒரு டாக்டர் ஆத்துக்காரா பரத்வாஜைக் கேட்டு வராளாம்ப்பா. இன்னிக்கே பேசி முடிச்சுடுவாளாம்."

பேராசிரியர் பாதி இட்லியில் எழுந்தார். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதா? அப்படியானால் பையன் தங்கம்! தெருமுனையில் பேரம்கூடப் பேசாமல் அவர் ஆட்டோவில் பாய்ந்து ஏறியதில் ஆட்டோக்காரரே மிரண்டுவிட்டார்.

"இன்னா சார், ஆஸ்பத்திரி கேஸா?"

"இல்லைப்பா, சம்பந்தம்! சீக்கிரம் போ!"

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து, காபியும் குடித்தான பிறகு, பேராசிரியர் பரத்வாஜின் அப்பாவிடம் பெருமையாகக் கேட்டார்: "அடையாறு டாக்டரை முந்திட்டேன் பார்த்தேளா?"

"எந்த டாக்டர்? உங்களைத் தவிர யாருமே வரலையே! நீங்க ஊரெல்லாம் விசாரிச்சுட்டுப் பதிலே சொல்லலையா, பையன்கிட்ட ஏதோ கோளாறுன்னு மத்தவாளும் ஒதுங்கிட்டா."

பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சந்தைப் புரளியை நம்பாதேங்கோன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேன். என் பொண்ணு ஒரே ஒரு புரளியைக் கிளப்பி, சரக்கை என் தலையிலேயே கட்டிட்டா. ரொம்ப நல்ல சரக்கு!"

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இதைப் படிக்கலாம் என்று நீங்களாகத் தீர்மானித்தீர்களா, பக்கத்திலிருப்பவர் படித்துச் சிரிப்பதைப் பார்த்து எடுத்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் மட்டும், இந்தப் பக்கத்தை அவள் கண்ணில் காட்டாதீர்கள்.