அடங்காத டக் டக்

காலை பத்தரையிலிருந்து வாசகசாலைக்குள் ஒரு சத்தம். டக்... டக்... நூலகருக்குக் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருந்தது. பக்கத்தைக்கூட மெதுவாகப் புரட்டச் சொல்லும் மனிதர் அவர்.

எழுந்து தேடினால் கேட்கிறது, வந்து உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. யாரோ வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுவதாக முடிவு கட்டினார்.

முதலில் மின்விசிறியைச் சந்தேகித்து நிறுத்தினார். வியர்த்துப்போன வாசகர்கள் செய்தித்தாளால் விசிறத் தொடங்க, கூடமே சரசரத்தது. மறுபடி போட்டார்.

அடுத்தது புத்தகத் தள்ளுவண்டி. சக்கரங்களுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டார். அது தரையில் வழிய, தேர்வுக்குப் படிக்க வந்த பெண் ஒருத்தி வழுக்கி, கையிலிருந்த இரண்டு அகராதிகளோடு உட்கார்ந்தாள். நல்லவேளை, அகராதிக்குத்தான் அட்டை போயிற்று.

"கொஞ்சம் உக்காருங்க சார். சுகர் உள்ள உடம்பு, இப்படி அலையலாமா?" என்றார் உதவி நூலகர்.

நூலகருக்குப் பதினான்கு வருடச் சர்க்கரை. மாத்திரை ஒருநாளும் தவறாது, இனிப்பை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லி நர்ஸ் கொடுத்த கையேட்டைக்கூட எண் போட்டு மருத்துவ அடுக்கில் சேர்த்துவிட்டார். படிக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

மிச்சமிருந்தது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கைத்தடி. பணிவாகக் கேட்டு வாங்கித் தன் மேசைக்கடியில் வைத்தார். தடியில்லாத பெரியவர் நகர முடியாமல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் இருந்த இடத்திலிருந்தே வகுப்பறைக் குரலில் கூப்பிட ஆரம்பித்தார். நூலகர் எடுத்துக் கொடுக்க ஓடினார். ஓட ஓட, சத்தமும் விடாமல் கூடவே வந்தது.

"எவனோ என் பின்னாடியே வந்து வெறுப்பேத்துறான்," என்று உதவி நூலகரிடம் பல்லைக் கடித்தார்.

எண்ணெயைத் துடைக்க வந்த பணிப்பெண், துடைப்பதை விட்டுவிட்டு நூலகர் நடந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டார்.

"உக்காந்து வலது காலைத் தூக்குங்க சார். செருப்போட சேர்த்து ஆணி ஏறியிருக்கு, நீங்க நடந்த இடமெல்லாம் ரத்தம்... உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"