கல்லுக்குள் நீல மீன்

கீழக்கரையில் எவர் வீட்டிலும் இல்லாத ஒரு மீனை வளர்த்தே தீருவது என்று ஜவுளிக்கடை பாக்கர் சபதம் எடுத்தார். எல்லாம் ஐம்பத்தெட்டாம் வருஷம் மண்டபத்து மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனதால் வந்த வினை. அங்கே கண்ணாடித் தொட்டியில் ஒன்று நீந்தியது. கருநீல உடம்பு, அதில் வெள்ளை வெள்ளையாக வளையம். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு நீலச் சேலை கேட்டு வந்தவர்களிடம் பெருமூச்சு விட்டார். சேலையை எடுத்துப் போடவில்லை.

ஒருவழியாகச் சின்னச்சாமி என்ற மீனவர் தீவோரப் பாறையிடுக்கில் அப்படியொன்றைப் பிடித்துக் கொடுத்தார். பாக்கர் தம் கடைக் கண்ணாடிப் பெட்டியின் இடுக்குகளை நீர் கசியாதபடி மக்கு பூசி அடைத்து, வீட்டில் தொட்டியாக்கினார். மீன் ஒளிந்து விளையாட, ஓட்டை ஓட்டையான பவளக்கல் ஒன்றையும் வைத்தார்.

"தெனம் சாயங்காலம் கடத்தண்ணி மாத்தணும் மொதலாளி. இல்லேன்னா செத்துரும்" என்றார் சின்னச்சாமி.

சாயங்காலம்தான் கடையில் கூட்டம். தண்ணீர் சுமக்க வைத்த ஆளோ சோம்பல்பட்டுப் பாதிக் குடம் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தான். மீன் வாயைப் பிளந்தது. பாக்கரும் பிளந்தார்.

"நா வேணா எடுத்தாரேன் மச்சான்" என்றாள் மனைவி நஃபீசா.

"பொம்பளைக கடக்கரைக்குப் போறதாவது!"

"செரி. சாவட்டும் விடுங்க."

"எந்தக் கொடம் புள்ள கொண்டு போற?"

கல்யாணமானதிலிருந்து நஃபீசா கேட்டது ஒன்றே ஒன்று: கடலைப் பார்க்க வேண்டும். அடுப்படியில் நின்றால் அலைச்சத்தம் கேட்கும். பார்க்கத்தான் கொடுப்பினை இல்லை. அந்தத் தெருப் பெண்கள் கரைக்குப் போகும் வழக்கமில்லை. வழக்கத்தை மீறும் துணிச்சல் பாக்கருக்கும் இல்லை.

அன்றிலிருந்து அவள் போனாள். அன்றிலிருந்தே மீன் கல்லுக்குள் புகுந்துகொண்டது.

"நீங்க கடைக்குப் போனதும் வெளிய வருது மச்சான். ஆம்பளையக் கண்டா வெக்கப்படுது."

பாக்கர் தொட்டி முன்னாலேயே ஏங்கிக் கிடந்தார். கட்டிய மனைவியை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஊரும் பார்க்க வந்தது. ஒருவர் கண் தெரிகிறது என்றார். இன்னொருவர் செவுள் அசைகிறது என்றார். பாக்கருக்கும் அசைந்த மாதிரிதான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஏக்கம் தாங்காமல் கல்லைத் தூக்கினார். கவிழ்த்தார். உலுக்கினார். தண்ணீர்தான் சொட்டியது.

"ஏ புள்ள, மீன் எங்க?"

"மொத நாளே கடல்ல விட்டுட்டேன். பழைய தண்ணியோட கொடத்துல கொண்டு போனேன். அலைச்சத்தம் கேட்டதும் அது துடிச்ச துடிப்பு இருக்கே, அது எனக்குத் தெரிஞ்ச துடிப்பு மச்சான்."

"அப்பறம் எதுக்குத் தெனமும் தண்ணிக்குப் போன?"

"மீனு இல்லேன்னா என்னையக் கடக்கரைக்கு விடுவீகளா?"

பாக்கருக்குக் கோபம் வந்தது. "இனிமே நீ வாசப்படி தாண்டு, பாக்குறேன்!" என்று கத்தும்போதே வாசலில் குரல் கேட்டது. பக்கத்துக் கடை அகமது கபீர், ராமநாதபுரத்து விருந்தாளிகளோடு மீன் பார்க்க வந்திருந்தார்.

"மீனு இல்லேன்னு சொல்லிரவா?" என்றாள் நஃபீசா மெதுவாக.

பாக்கர் கல்லை உள்ளே போட்டார். குடத்தைத் தாமே எடுத்து அவள் இடுப்பில் வைத்தார். "நேரமாவுது புள்ள, தண்ணி எடுத்துட்டு வா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் கொல்லைப்புறமாகக் கடலைப் பார்க்க ஓடினாள்.

கபீர் தொட்டிக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தா, வாலு தெரியுது!" என்றார்.

"எங்கன?" என்று பாக்கரும் ஆசையாகக் குனிந்தார்.