பன்னிரண்டாவது கண் முகாம்

"எனக்கும் கொஞ்ச நாளா கண்ணு மங்கலாத்தாம்மா இருக்கு. முகாமுக்கு நானும் வர்றேன்" என்றார் அப்பா.

சின்னவள் ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றாள். நான்கு வருடங்களில் பதினோரு கண் முகாம்களுக்குப் போய்வந்திருக்கிறாள். ஒரு முறைகூட அப்பா இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பாள். ஏனென்றால் அந்தப் பதினொன்றில் ஒன்றுகூடக் கண் முகாம் இல்லை. எல்லாம் ஒரே மைதானத்தில் நடந்த ராக் கச்சேரிகள்.

முகாம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் அண்ணன். சலவை இயந்திரம் பழுதுபார்க்கிறவன். திறந்துபோட்ட இயந்திரத்தின் மூடி, சாப்பாட்டுத் தட்டு, தங்கையின் தலை என்று எது கைக்குக் கிடைத்தாலும் தாளம் போடுவான். அதனால் வீட்டில் அவனுக்கு டமாரம் என்று பெயர். அம்மாவுக்குக் கூட்டம் என்றால் பயம். எங்காவது நெரிசலில் நாலு பேர் விழுந்தார்கள் என்று செய்தி வந்தால், இரண்டு நாள் பிள்ளைகளைக் கடைக்குக்கூட அனுப்பமாட்டாள். அப்பாவோ, "சத்தம் கேக்க டிக்கெட் எடுக்கறவனுக்கு வைத்தியம் பார்க்கணும்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டவர்.

"பொய்யின்னா அதுக்கு ஒரு தொழில் இருக்கணும். நீ கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவ. நான் முகாம்ல மேசை நாற்காலி தூக்க வர்றவன். யாரு கேக்கப்போறா?" என்றான் டமாரம்.

யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து, இன்றைக்கு நூற்று நாற்பது பேருக்குப் பார்த்தோம் என்று கணக்குச் சொல்வார்கள். தொண்டை கட்டியிருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்டிவிட்டது என்பார்கள். ஒரு தடவை காது அடைத்துப்போய், அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டும் இருவருக்கும் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அப்பா, "கண் முகாமுக்குப் போனா காது போயிரும் போல" என்றார். அதோடு சரி. வழக்கமாகக் குறட்டையில் ஜன்னல் கம்பியை அதிரவைக்கிறவர், முகாம் நாட்களில் மட்டும் சத்தமில்லாமல் தூங்குவார். அது தங்களுடைய அதிர்ஷ்டம் என்று இருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த டமாரம் அப்படியே தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். இருபத்தாறு வயது. அவனுடைய பிரஷ் இன்னும் அந்தக் குவளையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா தட்டைக்கூடச் சத்தம் வராமல்தான் வைக்கிறாள்.

போன மாதம் அவனுடைய சட்டைகளை எடுத்து மடித்தபோது அடியில் ஒரு உறை இருந்தது. உள்ளே இரண்டு டிக்கெட்டுகள். இருவருக்கும் பிடித்த அந்தக் குழுவின் கடைசிச் சுற்றுப்பயணம். எப்போதும் கடைசி வரிசையில் நின்று மேடையை எறும்பளவில் பார்த்தவர்களுக்கு, இந்த முறை முன் கம்பியை ஒட்டிய இடம். டிக்கெட் எடுத்த தேதியைப் பார்த்தால், கடைசி ஆறு மாதமும் மூச்சுவிடாமல் ஒளித்துவைத்திருக்கிறான்.

அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நிற்க வேண்டும். பக்கத்தில் அவனுடைய இடம் காலியாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மகன் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, மகள் பாட்டுக் கேட்கப் போனாள் என்று அம்மா அறியக்கூடாது.

இப்போது அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கண்ணுல என்னப்பா?" என்றாள். அப்பா வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். தூசி படிந்த மீட்டரில் கடைசி எண்ணைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவார்.

"மங்கல்னு சொன்னேனே. எதிர்ல இருக்கறது சரியாத் தெரியல."

"இது டிரைவர்களுக்கு மட்டும் நடத்தற முகாம்ப்பா."

சொன்ன வேகத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கீழ்வீட்டு வேன்காரர் படியேறி வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

"டிரைவர்களுக்கா பாப்பா? நல்ல வார்த்தை சொன்னே. லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்டிபிகேட் கேக்கறாங்க. வா, வண்டியிலயே போயிரலாம்."

"டோக்கன் தீர்ந்துபோச்சு மாமா."

"யாரு குடுக்கறது?"

"எங்க முதலாளி."

பழியை ஊரில் இல்லாதவர் மேல் போட்டிருக்கலாம். முதலாளி ஊரில்தான் இருந்தார். அவருடைய எண் வேன்காரரிடமும் இருந்தது. வேன்காரர் போனில் ஒலிபெருக்கியைப் போட்டுக் கையை நீட்டிப் பிடித்தபடி பேசினார்.

"முகாமா? என் கடை பேர்லயா? எனக்குத் தெரியாமலா?" முதலாளியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அந்தப் பொண்ணு அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னுல்ல இன்னைக்கு லீவு கேட்டுச்சு?"

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"எனக்கு நெஞ்சு வலியா? எனக்கு என்னடி? ரிப்போர்ட் ஏதாவது வந்துச்சா? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

அந்த முகத்தைச் சின்னவளால் பார்க்க முடியவில்லை. எட்டு மாதமாக அந்த முகத்துக்காகத்தான் எல்லாரும் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கே." பிறகு போன் பக்கம் குனிந்தாள். "சார், லீவு கேக்கறதுக்காகச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லாம வச்சு, கடைக்கு ஒரு பேர் வாங்கிக் குடுக்கலாம்னு நானே ஏற்பாடு பண்ணினேன்."

முதலாளியின் குரல் இறங்கியது.

"எத்தனை பேரு வருவாங்க?"

முகாமைப் பற்றி அவள் சொன்ன ஒரே உண்மை அப்போது வாயில் வந்தது. "இருபதாயிரம் பேர் சார்."

"அங்கயே இரு. ஃப்ரேம் பெட்டியோட வர்றேன்."

அம்மா கரண்டியைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள். "நீங்களும் கூடப் போங்க. இவளைத் தனியா அனுப்பாதீங்க" என்றாள் அப்பாவிடம். பிறகு, "வழியில கடலை வாங்கித் தின்னாதீங்க. நடக்கப் போறேன்னு போறது, சட்டைப் பை நிறையக் கடலைத் தோலோட வர்றது. சர்க்கரைக்கு நடக்கறீங்களா, கடலைக்கு நடக்கறீங்களா?"

அப்பா துணிப்பையில் குடையைச் செருகிக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

பள்ளி வேனின் இருக்கைகள் எட்டு வயதுக்காரர்களுக்குப் போட்டவை. முழங்கால்கள் முகவாயைத் தொடும்படி அப்பாவும் மகளும் முதலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியின் மடியில் ஃப்ரேம் பெட்டி. யாரோ ஒரு குழந்தை விட்டுப்போன தண்ணீர் பாட்டில், வண்டி திரும்பும்போதெல்லாம் உருண்டுபோய் இருக்கைக் காலில் முட்டியது. டக், டக்டக், டக்.

"அவன் இருந்திருந்தா மேசை தூக்க வந்திருப்பான்" என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி.

பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"மேசை எத்தனை போட்டிருக்கே?" என்றார் முதலாளி.

"போட்டிருக்கு சார்."

"டாக்டர்?"

"நாலு பேர் சார்." அந்தக் குழுவில் நான்கு பேர்.

மைதானத்துக்கு முன்னால் வேன் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. வரிசை மதில்சுவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் போயிருந்தது. கறுப்புச் சட்டை, கிழிந்த கால்சட்டை, தோளைத் தாண்டிய முடி.

"இத்தனை பேருக்குமா பார்வைக் கோளாறு?" முதலாளியின் குரல் தழுதழுத்தது. முப்பது வருடத் தொழிலில் அவர் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற ஒருவனை உற்றுப் பார்த்துவிட்டு, "பாதிப் பேருக்கு முடியை வெட்டினாலே பார்வை வந்துரும்" என்றார்.

"எல்லாரும் டிரைவரா?" என்றார் வேன்காரர். "இவங்க ஓட்டற வண்டியில யாரு ஏறுவா?"

அப்போது மதிலுக்கு உள்ளேயிருந்து டிரம்மை ஒருவர் சோதித்துப் பார்த்தார். ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி. சின்னவளின் விலா எலும்பில் அது இறங்கியது. பதினோரு தடவையும், இந்த முதல் அடி விழும்போது டமாரம் அவள் தலையில் இரண்டு விரலால் தட்டுவான்.

அவள் தெருவோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முகாம் இல்லை, டாக்டர் இல்லை, மேசை இல்லை. முன்பும் எதுவும் இருந்ததில்லை. டிக்கெட்டைக் காட்டினாள்.

மூன்று பெரியவர்களும் அவளைச் சுற்றி நின்றார்கள். முதலில் அசைந்தவர் முதலாளி. மேற்குப் பக்கம் சூரியனைப் பார்த்தார். வரிசையில் நின்ற இருபதாயிரம் பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பெட்டியின் அடித்தட்டைத் திறந்து கறுப்புக் கண்ணாடிகளை வெளியே எடுத்தார்.

"நாளைக்கு நேரத்துக்கு வந்துரு. லீவு பத்தி அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வரிசைக்குள் போனார். சற்று நேரத்தில் அவர் ஒருவனுடைய மூக்கை அளந்துகொண்டிருந்தது தெரிந்தது.

"நான் வண்டியை ஓரமா போட்டுட்டுத் தூங்கறேன். முடிஞ்சதும் எழுப்பு பாப்பா" என்றார் வேன்காரர். நான்கடி நடந்து திரும்பினார். "அந்தப் பையனுக்குப் பிடிச்சதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. என் வேன் பசங்க டிபன் மூடியில போடற தாளமெல்லாம் அவன் சொல்லிக்குடுத்ததுதானே."

அப்பா மட்டும் நின்றார்.

"திட்டுங்கப்பா."

"எதுக்கு?"

"நாலு வருஷமா பொய் சொல்லியிருக்கோம்."

"கண்ணு தெரியாதவங்களுக்கு உதவினதாத்தானே சொன்னீங்க. கெட்ட பொய் இல்ல." கொஞ்ச நேரம் டிக்கெட்டையே பார்த்தார். "இன்னொண்ணு அவனோடதா?"

"ஆமா. அந்த இடத்தை யாருக்கும் குடுக்கறதா இல்லப்பா. பையை வச்சுக் காலியா விடலாம்னு இருந்தேன்."

"பையை வை" என்றார் அப்பா. "பைக்குப் பின்னாடி நான் நிக்கறேன். இடம் காலியாவே இருக்கட்டும்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். சத்தம் கேட்க டிக்கெட் எடுப்பவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்றவர். "சத்தம் தாங்காதுப்பா உங்களுக்கு. நெஞ்சுல இடிக்கும்."

"இடிக்கட்டும்."

வாசலை நெருங்கினார்கள். காவலாளி அப்பாவின் துணிப்பையைத் திறந்து பார்த்தார். ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பிஸ்கட் பொட்டலம், ஒரு உருண்டை பஞ்சு, குடை.

"குடை உள்ள விடமாட்டோம் சார்."

"தெரியும். குடுத்துட்டு வந்துடறேன்."

சின்னவளுக்கு அந்தத் 'தெரியும்' எங்கோ இடறியது. அதற்குள் அப்பா நடக்க ஆரம்பித்திருந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை. மதிலோரம் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதில், ஒரு ஆள் சாய்ந்து நிற்கும் உயரத்தில், சாயம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. கம்பத்தை ஒட்டி ஒரு கடலை வண்டி. அப்பா குடையை நீட்டினார். வண்டிக்காரர் அதை வாங்கி, பழக்கப்பட்ட கையால் ஒரு ஆணியில் மாட்டினார்.

சின்னவளுக்கு ஒரு மழைக் கச்சேரி நினைவுக்கு வந்தது. அவளும் டமாரமும் தொப்பலாக நனைந்து வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஒரு வாரமும் வீட்டில் தும்மிக்கொண்டிருந்தவர் அப்பா.

வண்டிக்காரர் கேட்காமலே ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கடலையை அள்ளினார். அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்ற சின்னவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எப்பவும் பிள்ளைங்க ரெண்டும் வெளிய வர்ற வரைக்கும் இந்தக் கம்பத்துலயே சாஞ்சு நிப்பீங்க, இன்னைக்கு ஒருவழியா நீங்களும் உள்ளயா சார்? பெரியவன் எங்க, முன்னாடியே போயிட்டானா?"